நாலு விரல் யன்னல்

யன்னல் உடைந்தது காலை ஏழே காலுக்கு. உடைத்தது அஞ்சலோ. இந்த இரண்டிலும் லிங்கநகரில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. கண்ணாடி உடைந்த சத்தத்தோடு சேர்ந்தே, "ஐயோ, நானில்லை!" என்ற அவருடைய சத்தமும் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

நடந்தது இதுதான். மேல்மாடி அறைக்குப் புது அலுமினிய யன்னல் பூட்டி இரண்டு நாள். பார்க்க வடிவு. ஆனால் தள்ளினால் நாலு விரல் அகலத்துக்குத் திறக்கும். அதற்கு மேல் மாட்டேன் என்று நிற்கும். அஞ்சலோ குனிந்து பார்த்தார். சட்டத்தின் அடியில் இரண்டு சின்ன உருக்குத் துண்டுகள் இறுக்கப்பட்டிருந்தன.

அதைக் கண்டதும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எல்லாம் விளங்குவதுதான் அவருடைய வியாதியே.

துறைமுகத்தில் கப்பல் இழுக்கிற டக் படகின் எஞ்சின் அறையில் முப்பத்தொரு வருடம் வேலை செய்த மனிசன். புது எஞ்சின் கப்பலில் வரும்போது, வழியில் ஆடாமலிருக்க ஒரு இரும்புக் கட்டுப் போட்டு அனுப்புவார்கள். வந்து இறங்கியதும் முதல் வேலை அதைக் கழற்றுவது. கழற்ற மறந்தால் எஞ்சின் போச்சு, வேலையும் போச்சு. யன்னல்காரர் அந்தக் கட்டைக் கழற்ற மறந்துவிட்டார்கள், பாவங்கள் என்று நினைத்து, அஞ்சலோ திருப்புளியை எடுத்தார்.

இரண்டு துண்டும் கழன்ற அடுத்த கணம், வெளியில் காத்துக்கொண்டிருந்தது போல் கச்சான் காற்று வந்து யன்னல் கதவை அவர் கையிலிருந்து பறித்தது. கதவு வெளிச்சுவரில் அடித்தது. அதன் பிறகு கதவில் கண்ணாடி இல்லை.

கீழே முற்றத்தில் பாயில் காய்ந்துகொண்டிருந்த செத்தல் மிளகாய்க்கு மேல் அது மழையாகக் கொட்டியிருந்தது. ஆள் ஒருவரும் கீழே நிற்கவில்லை, கர்த்தருக்குத் தோத்திரம். அஞ்சலோ ஓடி இறங்கி வந்து ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். கத்தி போல நீளமாக உடையவில்லை. கற்கண்டு போல, கட்டி கட்டியாக உதிர்ந்திருந்தது. விரலால் அழுத்தினார். வெட்டவில்லை.

வெட்டாத கண்ணாடி. இதை ஆர் கேட்டது?

குசினியிலிருந்து மாகிரட் வெளியே வந்தாள். முப்பத்தைந்து வருடக் கல்யாணத்தில் அஞ்சலோ உடைத்த சாமான்களின் பட்டியல் அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொன்றுக்கும் ஏச்சு வாங்கி அவருக்குப் பழக்கம். ஆகவே அவர் முந்திக்கொண்டார்.

"மாகிரட், இந்த முறை மிளகாய்த்தூள் கொஞ்சம் கறுமுறு எண்டு இருக்கும். பொறுத்துக்கொள்."

அவள் ஏசவில்லை. மிளகாயைப் பார்க்கவும் இல்லை. அண்ணாந்து, மாடிச் சுவரில் வாய் பிளந்து நின்ற அந்த ஓட்டையைப் பார்த்தாள்.

"அந்தத் துண்டுகளைக் கழட்டினது ஆர்?"

"காத்து."

"அஞ்சலோ!"

"காத்தும் நானும் சேர்ந்து."

"இண்டைக்கே போய்ச் சொல்லித் திருப்பிப் போடுவியுங்கோ. இண்டைக்கே. அறைக்குள்ள ஒருத்தரும் போகக் கூடாது."

"ஒருத்தரும் எண்டா? இந்த வீட்டில இருக்கிறது நீயும் நானும். நான் என்ன, யன்னலால பாயிற வயசே?"

மாகிரட் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். கோபத்துக்கு மருந்து அவரிடம் உண்டு. இதற்கு இல்லை.

"உங்களுக்கு ஒண்டும் தெரியாது," என்றாள். "மகள் பிறந்தப்பவும் தெரியாது. இப்பவும் தெரியாது."

மகள் பிறந்தபோது என்ன நடந்தது? கேட்க வாயெடுப்பதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள்.

*

இந்த வீட்டுக்கு மூன்று கிழமையாக ஒரு நோய் பிடித்திருந்தது. நோயின் பெயர் பட்டியல்.

மகள் சுலக்ஷனா சூரிச்சில். கலியாணம் கட்டி நாலு வருடம். ஐந்து மாதத்துக்கு முன் முதற் குழந்தை, ஜெஸ்மின். ஆவணி இருபத்தோராம் திகதி மூவருமாக வந்து இரண்டு மாதம் நிற்பதாக ஏற்பாடு. அதற்காக மேல்மாடி அறையைத் திருத்தச் சொல்லி, மருமகன் டிலானிடமிருந்து போனில் ஒரு பட்டியல் வந்தது.

யன்னல் நாலு விரலுக்கு மேல் திறக்கக் கூடாது. கண்ணாடி வெட்டாத கண்ணாடியாக இருக்க வேண்டும். குளியலறைக் கதவுக்கு உள்பூட்டு வேண்டாம். சுடுதண்ணி ஹீட்டரின் சூட்டைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி குளியலறைக்கு வெளியில் இருக்க வேண்டும். சூடு முப்பத்தெட்டைத் தாண்டக் கூடாது. அந்தப் பெட்டி இன்டர்நெற்றில் இணைந்திருக்க வேண்டும்.

யன்னல் வேலையை மாகிரட்டிடம் விட்டு அந்த வரிகளை வாசிக்காமலே தாண்டிய அஞ்சலோ, மிச்சத்தை வைத்து இரண்டு கிழமை பிழைத்தார். ஞாயிற்றுப் பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று, "திருகோணமலையில சுடுதண்ணி மெஷின் பூட்டின முதல் பைத்தியம் நான்தான். இஞ்ச மத்தியானம் பைப்பைத் திறந்தா முட்டை அவியும்," என்று சொல்லாத ஆள் இல்லை. உள்பூட்டு இல்லாத குளியலறையைப் பற்றி, "இனி இந்த வீட்டில பாடிக்கொண்டுதான் குளிக்க வேணும்," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மாகிரட் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் நடந்துபோனாள்.

பட்டியல் வந்த நாளிலிருந்து சுலக்ஷனா போனுக்கு வரவில்லை.

முதல் நாள், படுத்திருக்கிறா மாமா என்றான் டிலான். அடுத்த நாள், குளிக்கிறா. பிறகு, வெளியில போயிட்டா. பிறகு மறுபடி படுத்திருக்கிறா. இருபத்தொரு நாளாக ஒரு பிள்ளை படுக்கிறதும் குளிக்கிறதுமாக இருக்குமா? அஞ்சலோ பகிடி விட்டுத்தான் பார்த்தார். ஆனால் பகிடிக்குக் கீழே, எஞ்சின் அறைத் தரையில் எண்ணெய் கசிவது போல, ஏதோ ஒன்று ஊறிக்கொண்டிருந்தது. சத்தமில்லை. கால் வைத்தால்தான் தெரியும்.

*

நிப்றாஸின் அலுமினியக் கடை அநுராதபுரச் சந்திக்குக் கிட்ட. கிண்ணியாவிலிருந்து தினமும் வந்து போகிறவன். கை சுத்தமான வேலைக்காரன். அஞ்சலோ மோட்டார்சைக்கிளை விட்டு இறங்கும்போது கடை வாசலில், ஊருக்குள் மாடு போலத் திரிகிற மான்கள் இரண்டு வெற்றுப் பெட்டிகளை முகர்ந்துகொண்டு நின்றன.

"வாங்க அஞ்சலோ அண்ணன். என்ன, காத்து வேலையக் காட்டிட்டா?"

"செய்தி அதுக்குள்ள வந்துட்டுதே?"

"மாகிரட் அக்கா கோல் எடுத்தா. பின்னேரம் மூணு மணிக்கு வந்து போட்டுத் தாறன். அந்த ரெண்டு துண்டும் இந்த முறை கழட்ட ஏலாத மாதிரிப் போடச் சொன்னா."

"கழட்ட ஏலாத மாதிரியோ? நான் என்ன கள்ளனே?"

நிப்றாஸ் சிரித்தான். ஆனால் சிரிப்பு முகத்தின் கீழ்ப் பாதியோடு நின்றுவிட்டது. அளவுநாடாவை இழுப்பதும் விடுவதுமாக நின்றான்.

"அண்ணன், ஒண்டு கேக்கவா? யன்னல் ஆருக்கு?"

"பேத்திக்காம். பிள்ளைப் பாதுகாப்பாம். அஞ்சு மாசப் பிள்ளை, இன்னும் தவழவும் இல்ல. செட்டை முளைச்ச சம்மனசே அது, யன்னலால பறக்க?"

"நானும் அப்படித்தான் நினைச்சன். சின்னப் பிள்ளைக்கு எண்டா குறுக்கால கம்பி போட்டாப் போதும் எண்டு சொன்னன். அக்கா வேணாம் எண்டுட்டா." அவன் நாடாவைக் கீழே வைத்தான். "அளவு கேட்டதுக்கு, இஞ்ச நிண்ட ஒரு யன்னலுக்க தன்ட கைய வச்சுக் காட்டினா. இந்தக் கை போகலாம் நிப்றாஸ், தலை போகக் கூடாது எண்டா."

"பிள்ளையின்ட தலையோ?"

"அதைத்தான் நானும் கேட்டன்."

"என்ன சொன்னவ?"

"பெரிய ஆளின்ட தலைக்கு எண்டே அளந்துக்கங்க எண்டா."

உள்ளே அலுமினியம் வெட்டுகிற மெஷின் ஒருமுறை கிரீச்சிட்டு நின்றது.

"இந்த மாதிரி யன்னல் முந்திச் செய்திருக்கிறீங்களோ?"

"ஒரே ஒரு இடத்துக்கு."

"எங்க?"

நிப்றாஸ் மான்களைப் பார்த்தான். "தூரத்து ஆசுபத்திரி ஒண்டுக்கு, அண்ணன். மேல்மாடி வார்ட். மிச்சத்தை நீங்க அக்காட்டயே கேளுங்க. உங்கட வீட்டுக் கதை எனக்கு எதுக்கு?"

அஞ்சலோ மோட்டார்சைக்கிளை உதைத்தார். மூன்றாம் உதையில்தான் பிடித்தது. வழக்கமாக அதற்கும் ஒரு பகிடி வைத்திருப்பார்.

*

திரும்பி வரும் வழியெல்லாம் மனம் கணக்குப் போட்டது. திறக்காத யன்னல். வெட்டாத கண்ணாடி. பூட்டாத கதவு. சூரிச்சிலிருந்து முறுக்கக்கூடிய சுடுதண்ணி. மூன்று கிழமையாகப் போனுக்கு வராத மகள்.

கூட்டிப் பார்த்தால் விடை டிலான் என்றுதான் வந்தது. அமைதியான பொடியன் என்று எல்லாரும் சொன்னார்கள். அமைதியான கடலைத்தான் நம்பக் கூடாது என்று அஞ்சலோ அப்பவே சொன்னவர். உண்மையில் அவர் அப்படிச் சொல்லவில்லை. கலியாண வீட்டில் டிலானின் தோளில் கையைப் போட்டு ஆடியவர் அவர்தான். ஆனால் இப்போது சொன்னது போலவே இருந்தது.

என்ட பிள்ளையை என்ட வீட்டிலயே சிறை வைக்கப் போறான். சிறையையும் என்ட கையாலயே கட்டுவிக்கிறான்.

வீட்டில் மாகிரட் இல்லை. முற்றத்தில் மிளகாயும் கண்ணாடியும் அப்படியே கிடந்தன. கோயிலுக்குப் போயிருப்பாள். இந்த மூன்று கிழமையாக அவள் அடிக்கடி போகிறாள்.

போகக் கூடாது என்ற அறைக்கு அஞ்சலோ ஏறிப் போனார்.

கண்ணாடி இல்லாத யன்னலால் கச்சான் உள்ளே புகுந்து, புதுப் பூச்சு மணத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தது. தூரத்தில் துறைமுகத்தில் கோதுமை மா ஆலைக்கு வந்த மாக்கப்பல் ஒன்று நங்கூரம் போட்டு நின்றது. கீழே பார்த்தார். சீமெந்து முற்றம். இவ்வளவு உயரமா இது? இருபது வருடமாக இந்த வீட்டில் இருக்கிறார். இன்றுதான் அளந்து பார்க்கத் தோன்றியது.

திரும்பினார். குளியலறைக்கு வெளியில் சுவரில் வெள்ளைப் பெட்டி. பச்சை எழுத்தில் 38.

"ஓகோ," என்றார் அதைப் பார்த்து. "நீதானே பெரிய ஆள்?"

மேல் பொத்தானை அமத்தினார். 39. 40. 45. அறுபது வரை கொண்டுபோய் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பெட்டி ஒருமுறை கீச்சிட்டது. எழுத்து தானாக இறங்கியது. 38.

ஆளில்லாத அறையில், ஆளில்லாத விரல் ஒன்று பொத்தானை அமத்துகிறது.

மறுபடி அறுபது. கீச். முப்பத்தெட்டு.

போனை எடுத்தார். இங்கே பதினொன்றே முக்கால். அங்கே எட்டே கால். டிலான் எடுத்தான். பின்னால் ரெயின் தண்டவாளத்தில் ஓடுகிற சத்தம்.

"தம்பி, என்ட வீட்டுச் சுடுதண்ணியை அங்க இருந்து ஏன் முறுக்கிறீர்?"

"என்ன மாமா?"

"நடியாதையும். நான் கூட்டக் கூட்ட நீர் குறைக்கிறீர். நான் பக்கத்தில நிண்டு பாக்கிறன்."

"நானில்லை மாமா. வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறன். பெட்டியை இயக்கிற அந்த ஆப்பே என்ட போனில இல்லை."

"பின்ன ஆர்?"



"மாமா," என்றான் டிலான். குரல் மாறியிருந்தது. "இப்பவோ? இப்ப குறைஞ்சதோ? அப்ப அவ எழும்பிட்டாவோ?"

"எழும்பினாவோ எண்டு என்னைக் கேட்டா? அவளுக்கு என்ன செய்யுது? ஒழுங்காச் சொல்லும்."

"வந்து கதைக்கிறன் மாமா. இருபத்தோராம் திகதி மூண்டு பேரும் வந்துதானே இறங்குறம். இப்ப… சுரங்கம் வருது மாமா."

கட்டாகியது. சுரங்கம் உண்மையோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அஞ்சலோ பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அறுபதில் விட்டால் முப்பத்தெட்டுக்கு வருகிறது. அவ எழும்பிட்டாவோ. அந்த விரல் ஆருடையது என்று மெல்ல மெல்ல அவருக்குத் தெரிந்தது. இது, காலையில் திருப்புளி எடுத்தபோது விளங்கியது போல் அல்ல. சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

பொத்தானை ஒரேயொரு தடவை அமத்தினார். 39.

காத்திருந்தார்.

கீச். 38.

கீழ்ப் பொத்தானை ஒருமுறை. 37.

இது சற்று நேரம் எடுத்தது. மாக்கப்பலில் யாரோ மணி அடித்தார்கள். பிறகு, கீச். 38.

"பிள்ளை," என்றார் அஞ்சலோ சுவரைப் பார்த்து. தெரிந்தவர் எவராவது கண்டிருந்தால், ஹீட்டரோடு கதைக்கிற மனிசன் என்று ஒரு வருடத்துக்குப் போதுமான பகிடி. "பிள்ளை, நான் அப்பா."

மூன்றாம் நிமிடம் போன் அடித்தது.

"அப்பா."

மூன்று கிழமைக்குப் பிறகு வந்த குரல். மெலிந்திருந்தது. குரல் மெலியும் என்று அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும். வாய்க்குள் மூன்று பகிடிகள் தயாராக நின்றன. மூன்றையும் விழுங்கினார். கசப்பாக இறங்கின.

"அதோட விளையாடாதைங்கோ அப்பா. முப்பத்தெட்டிலயே விடுங்கோ."

"விட்டுட்டன். இந்தா, கையை எடுத்துட்டன். நீ சாப்பிட்டனியோ?"

"இல்லை. பிறகு."

"பிள்ளை என்ன செய்யிறா?"

"ஜெஸ்மினை டிலான் காலமை பக்கத்து வீட்டு அக்காட்டக் குடுத்துட்டுப் போறவர். பின்னேரம் அவர் வந்துதான் தூக்கிக்கொண்டு வருவார்."

"ஏன், நீ வீட்டில நிக்கிறாய்தானே?"

அவர் போனைக் காதோடு இன்னும் அழுத்தினார்.

"அவன் உன்னை ஏதும் செய்யிறானோ? சொல்லு. நான் இப்பவே கப்பல் ஏறி வருவன்."

"சீ, பாவம் அப்பா அவர். ராவெல்லாம் முழிச்சிருக்கிறது அவர்தான்."

"அப்ப இந்தப் பட்டியல்? இதெல்லாம் ஆரின்ட மூளை?"

"நான்தான் எழுதினனான். அம்மாவுக்கு மட்டும் அனுப்பச் சொல்லிக் குடுத்தனான். அவர் பதட்டத்தில உங்களுக்கும் அனுப்பிப்போட்டார்."

கீழே படலை திறந்த சத்தம். மாகிரட் வந்துவிட்டாள். படியில் அவளுடைய செருப்புச் சத்தம் பாதி தூரம் ஏறி, அங்கேயே நின்றுவிட்டது.

"எனக்கு ஏன் சொல்லேல்லை பிள்ளை?"

"நீங்கள் பகிடி பண்ணுவீங்கள். பிறகு நானும் சிரிக்க வேணும். எனக்குச் சிரிக்க ஏலாது அப்பா இப்ப."

அஞ்சலோ தரையில் உட்கார்ந்தார். கோயில் வாசலில் சிரித்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. இரண்டு கிழமையாக, தன் மகளுடைய அறையைப் பற்றித்தான் ஊருக்குச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார்.

"நான் இருபத்தோராம் திகதி வரேல்லை அப்பா. சனிக்கிழமையே வாறன். தனிய. டிக்கெட் மாத்திட்டன்."

"ஜெஸ்மின்?"

"அவ அப்பாவோட நிக்கட்டும்."

"டிலானுக்குத் தெரியுமோ?"

"அறை முடிஞ்சுதோ எண்டு மட்டும் சொல்லுங்கோ."

கேட்டதற்குப் பதில் அது இல்லை. படியில் நின்ற மாகிரட்டுக்கு அவருடைய கேள்வி கேட்டிருக்க வேண்டும். செருப்பு ஒரு படி மேலே வந்தது. கண்ணாடியில்லாத யன்னலால் காற்று வந்து அஞ்சலோவின் சட்டையை ஊதியது. இன்று செவ்வாய்.

"முடிஞ்சிடும். மூண்டு மணிக்கு ஆள் வருது. சனிக்கிழமைக்கு முதல் எல்லாம் நீ சொன்ன மாதிரியே இருக்கும், ஒரு விரலும் கூடாது." குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "ஆனா எனக்கு ஒண்டே ஒண்டு சொல்லு பிள்ளை. நான் சிரிக்க மாட்டன், ஒருத்தருக்கும் சொல்லவும் மாட்டன். யன்னல், கண்ணாடி, கதவு, சுடுதண்ணி… ஆருக்குப் பயந்து இவ்வளவும்?"



"எனக்கு, அப்பா," என்றாள் சுலக்ஷனா. "எனக்கு என்னிலதான் பயம்."